உறவுமுறைக் கலம்

போன மாதம் விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு படம் போட்டுக் காட்டினான். "தாத்தா, பிரெஞ்சுப் படம். ஆனா உங்களுக்கு சப்டைட்டில் தேவைப்படாது" என்றான். புதிர் மாதிரி இருந்தது. ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. படத்தில் பேசுகிறவர்கள் பாதிக்கு மேல் தமிழ்தான் பேசுகிறார்கள். கீழே எழுத்து ஓடியது பிரெஞ்சுக்காரர்களுக்காக. வாழ்நாள் முழுவதும் வெளிநாட்டுப் படத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தே பார்த்தவன் நான். இந்த ஒரு படத்தில் அந்தச் சிரமம் வெள்ளைக்காரனுக்கு.

படத்தின் பெயர் 'தீபன்'. ழாக் ஓதியார் என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்தது. 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை விருதை வாங்கிய படம். (பனைமரத்து ஊரிலிருந்து அகதியாகப் போனவர் நடித்த படத்துக்குப் பனை விருது. அந்த விருதில் இருப்பது நம்ம ஊர்ப் பனை இல்லை, வேறு சாதி என்று பேரன் திருத்தினான். இருக்கட்டும்.) உங்களில் பலர் அந்தச் சமயத்தில் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், பெருமைப்பட்டேன், மறந்துவிட்டேன். பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போதுதான் அந்தப் படம் என்னைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. போர் முடிகிற நேரம். சிவதாசன் என்ற புலிப்படை வீரன், செத்துப்போன தோழர்களை எரித்துவிட்டுச் சீருடையைக் கழற்றிப் போடுகிறான். மனைவி மக்களைப் போரில் இழந்தவன். வெளிநாடு போக அவனுக்குக் கிடைப்பது தீபன் என்ற ஒரு செத்த மனிதனின் பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு மனைவியும் ஒன்பது வயது மகளும் இருக்கிறார்கள். எனவே ஒரு மனைவி வேண்டும், ஒரு மகள் வேண்டும். யாழினி என்ற பெண் மனைவியாகச் சேர்கிறாள். அவளே முகாம் முழுக்க நடந்து, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டுக் கேட்டு, இளையாள் என்ற சிறுமியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஆளுக்கு ஆள் முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு குடும்பமாகி பாரிஸ் போய்ச் சேர்கிறார்கள்.

தீபனாக நடித்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்று சொன்னால் உங்களில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 'கொரில்லா' நாவல் எழுதியவர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகி, கடைசியில் பிரான்சில் தஞ்சம் அடைந்தவர். அவருடைய அந்த நாவலே பிரெஞ்சு அகதி அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தோடுதான் தொடங்கும். அதனால் அவர் நடிப்பைப் பற்றி நான் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முகத்திலேயே எல்லாம் இருக்கிறது. யாழினியாக வரும் காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை நாடகக் கலைஞர். யாழ்ப்பாணப் பேச்சு அவருக்கு ஒன்றிரண்டு இடங்களில் தட்டியது போல என் காதுக்குப் பட்டது. ஆனால் படம் முடிந்த பிறகு எனக்கு நினைவில் நின்றது யாழினிதான், தீபன் இல்லை.

படம் வந்த காலத்தில் நம்மவர்களிடையே இரண்டு முணுமுணுப்பு இருந்தது. ஒன்று, போரைப் பற்றி இந்தப் படம் ஒன்றுமே சொல்லவில்லை என்பது. இரண்டாவது, அகதிகள் பொய் சொல்லித்தான் வருகிறார்கள் என்று வெளிநாட்டுக்காரன் நினைத்துக்கொண்டிருப்பதை இது உறுதிப்படுத்திவிட்டது என்பது.

முதல் குறையை நான் ஏற்கமாட்டேன். காரணம் ஒரு காட்சி. பாரிஸுக்கு வெளியே போதைப்பொருள் கும்பல் ஆளும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீபனுக்குக் காவல்காரர் வேலை. துடைப்பது, குப்பை அள்ளுவது, கடிதம் பிரித்துப் போடுவது. கும்பல்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளத் தொடங்கியதும் இந்த மனிதன் ஒரு நாள் வெள்ளைச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புல்லில் நீளக் கோடு போடுகிறான். இது சூடு நடத்தக் கூடாத வலயம் என்கிறான். அந்தக் குடியிருப்புப் பையன்கள் சிரிக்கிறார்கள். கானில் படம் பார்த்தவர்களும் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நமக்கு அப்படியா? 2009இல் வன்னியில் அரசாங்கமே வரைபடத்தில் கோடு போட்டு, இதற்குள் வாருங்கள், இங்கே சுடமாட்டோம் என்று மக்களை அழைத்தது. மக்கள் போனார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் குண்டு விழுந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. இவ்வளவையும் ஒரு சுண்ணாம்புக் கோட்டில் வைத்துவிட்டார் இயக்குநர். தமிழ் தெரியாத மனிதர், யாரோ அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நான் படத்தை நிறுத்தச் சொல்லி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது குறை, பொய். அதைப் பேச வேண்டுமானால் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 35 வருடமாக வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

1990. ஜூன் மாதம் இலங்கையில் மறுபடி சண்டை பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்த வாரங்களில் நம் கரைக்குப் படகு படகாக ஆட்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக இருந்த என்னையும் இன்னும் சிலரையும் அகதிகள் பதிவுக்கு அனுப்பினார்கள். எந்த முகாம் என்று எழுதவில்லை. ஒரு நீளத் தகரக் கொட்டகை, மேசை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பதிவேடு. வெளியே கடல் காற்று, உள்ளே ஈரத்துணி நாற்றம். பதிவேட்டில் கலங்கள்: வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் பெயர், வயது, உறவுமுறை, ஊர், வந்த படகு. இந்த உறவுமுறைக் கலத்தில்தான் எல்லாம் இருந்தது. ஒரு குடும்பம் என்றால் ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஓர் அறை, பத்துக்குப் பத்து. உதவித்தொகையும் அரிசியும் அந்த அட்டையின்படிதான். உறவில்லாதவர்களை ஓர் அட்டையில் ஏற்றக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. தப்பான உத்தரவு என்றும் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள்தான்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு பேர் வந்து நின்றார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஆண், ஒரு பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் ஒன்பது பத்து வயதுப் பையன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றார்கள். எழுதிக்கொண்டே வந்தவன், ஏதோ பட்டு, தலையைத் தூக்கிப் பையனிடம் கேட்டேன்: "தம்பி, உன் அம்மா பேர் என்ன?"

பையன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் சொன்ன பெயரைச் சொல்லவில்லை. வேறு ஒரு பெயரைச் சொன்னான்.

அவன் பொய் சொல்லத் தெரியாமல் சொன்னானா, அல்லது தன் தாயின் பெயரை யாராவது கேட்டதில் அவனுக்கு வாய் தானாக வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். விசாரித்ததில் எல்லாம் வந்துவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கைக்குழந்தை அவளுடையது, புருஷன் இல்லை. பையன் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகான். கரையில் படகுக்குக் காத்திருந்த மூன்று நாளில் சேர்ந்துகொண்டவர்கள். அந்தப் பெண் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "ஐயா, வள்ளத்திலை ஏறேக்கை நாங்கள் ஒரு குடும்பமாத்தான் ஏறினனாங்கள்."

நான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. விதியைப் பார்த்தார். அட்டை மூன்றானது. ஆண் தனியாட்கள் கொட்டகைக்கு. பெண்ணும் கைக்குழந்தையும் ஓர் அட்டை. துணையில்லாத சிறுவன் என்று பையனுக்குத் தனியாக ஒரு குறிப்பு. மறுநாள் காலை பஸ்கள் வந்தன. ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு மாவட்டத்து முகாமுக்கு. பையன் அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், ஒரு காவலர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததையும் நான் மேசையிலிருந்து பார்த்தேன். அதிகாரி என் தோளில் தட்டி, "நல்ல ஷார்ப்பா இருக்கீங்க" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சு அதிகாரி தீபனை விசாரிக்கிற காட்சி ஒன்று. நடுவில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த கதையைத் தீபன் ஒப்பிக்கிறான். மொழிபெயர்ப்பாளருக்கு அலுத்துப்போகிறது. இந்தக் கதையை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாரோ! தமிழிலேயே அவனை அதட்டுகிறார். இவனுடைய நிஜமான பெயர் வெளியே வருகிறது. அதிகாரிக்குப் பிரெஞ்சில் போய்ச் சேர்வது வேறொன்று. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எனக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இருவருக்கும் ஒரே மொழி. அது அவர்களுக்கு வசதியாக இல்லை.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இனம், மதம், நாட்டுரிமை, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. இதில் ஒன்றின் பேரால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். அதே உடன்படிக்கை போர்க்குற்றம் செய்தவர்களுக்குக் கதவைச் சாத்துகிறது. அதுவும் நியாயமே. ஆனால் சிவதாசன் நிலைமையை யோசியுங்கள். ஊருக்குத் திரும்பினால் உயிர் போகும் என்பதற்கு அவனிடம் உள்ள பலமான காரணம் அவன் புலியாக இருந்தது. அதைச் சொன்னால் இந்தக் கதவு சந்தேகத்தோடு பார்க்கும். சொல்லாவிட்டால் அச்சத்துக்குக் காரணம் இல்லை. இவன் பொய் சொல்லாமல் என்ன செய்வான்? செத்தவனின் பெயரையும் ஏஜென்டின் கதையையும் வாங்கிக்கொள்கிறான். விண்ணப்பத்தில் கட்டம் எப்படியோ அப்படித்தான் பதிலும் வரும். 25 வருடம் படிவங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

யாழினி கதைக்கு வந்தால் படம் இன்னும் நேர்மையாக இருக்கிறது. அவள் இந்தப் பிள்ளையை விரும்பி எடுக்கவில்லை. டிக்கெட் மாதிரி எடுத்தாள். இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரரிடம் தனியாக ஓடிப்போகத்தான் அவளுக்கு ஆசை. பள்ளிக்கூட வாசலில் இளையாள், மற்ற அம்மாக்களைப் போல எனக்கும் முத்தம் கொடு என்று இவளிடம் கேட்கிறாள். கேட்டு வாங்கும் முத்தம். பார்க்கிறவர்களுக்காகக் கொடுக்கும் முத்தம். அதில் பாசம் இருந்ததா, நடிப்பா என்றால், இரண்டும்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையை மூடியிருப்பதைப் பார்த்து யாழினியும் துணியால் தலையை மூடிக்கொள்கிறாள். பிரெஞ்சு நகைச்சுவை தனக்குப் புரியவில்லை என்று தீபன் புலம்பும்போது, உனக்குத் தமிழிலேயே நகைச்சுவை கிடையாது என்பது போல அவள் ஒரு போடு போடுகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த இடத்தில்தான் அவர்கள் புருஷன் பெண்சாதி ஆனார்கள் என்பது என் எண்ணம். படுக்கையில் இல்லை, அந்தக் கிண்டலில். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனவர்களுக்கு இது புரியும்.

ஆக, பொய்க் குடும்பம் என்று தொடங்கியது மெள்ள மெள்ள நிஜமாகிறது. சேர்ந்து சமைத்து, சேர்ந்து பயந்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து. நம் வீடுகளிலும் வேறெப்படி நடந்தது? முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டி அழைத்து வந்தேன். எங்கள் அட்டையில் மட்டும் உறவுமுறை முதல் நாளே சரியாக இருந்தது.

படத்தில் எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாகக் கிளம்பும் யாழினியை ரயில் நிலையத்தில் தீபன் முரட்டுத்தனமாகத் தடுக்கிறான். அவள் பிறகு அதை மறந்துவிட்டதைப் போலப் படம் போகிறது. அவள் மறந்திருக்கமாட்டாள். அந்தக் குடியிருப்பு மக்களில் வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கிற சாதாரண மனிதர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே, ஒரு அகதியைக் காட்டுவதற்காக இன்னொரு அகதியின் பேரனை ரவுடியாக்க வேண்டுமா? கடைசி இருபது நிமிடம்தான் பெரிய ஏமாற்றம். தீபன் கத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறான், புகைக்கு நடுவே ஆட்களை வெட்டித் தள்ளுகிறான். அவ்வளவு நேரம் சுண்ணாம்புக் கோட்டில் இருந்த படம், நம்மூர் க்ளைமாக்ஸுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கிலாந்து, வெயில், தோட்டம், கையில் குழந்தை. பேரன் அது கனவாக இருக்கலாம் என்றான். கனவென்றாலும் சரி, நிஜமென்றாலும் சரி, எனக்கு ஒட்டவில்லை. இத்தனை கொலைக்குப் பிறகு எந்த நாட்டு அதிகாரி விசா கொடுத்தான்? என் குமாஸ்தா புத்தி அங்கேதான் போகிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும் பழைய சக ஊழியர் ஒருவரிடம் பேசினேன். அவர் படத்தைப் பார்த்திருந்தார். "அந்த மொழிபெயர்ப்பாளர் செஞ்சது தப்புய்யா. அவன் வேலை மொழிபெயர்க்கிறது, தீர்ப்புச் சொல்றது இல்லை" என்றார். சரிதான். அப்படி ஒவ்வொருவரும் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிஜமாகவே ஆபத்தில் இருக்கிறவனின் பேச்சும் நம்பப்படாமல் போகும். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் என் வேலையைச் சரியாகச் செய்தேனே, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று அவரிடம் கேட்டேன். அரசாங்கத்துக்கு ஓர் அறை மிச்சமாகவில்லை. ஓர் அட்டை மூன்று அட்டையானது. செலவு கூடத்தான் ஆயிற்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை இப்ப ஏன் கிளர்ற?" என்றார்.

கிளறக் காரணம் இருக்கிறது. கானில் பரிசு வாங்கிய அகதிக்குக் கைதட்டியவர்கள் நாம். நம் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இலங்கைத் தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் பலர். இந்தியா அந்த 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். குடியுரிமை மட்டும் கையில் இல்லை. மண்டபம் முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அகதியாகத் திரும்பி அதே வழியாக வந்தார்கள். அவர்களை வெளிநாட்டவர் என்ற கலத்தில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

படம் முடிந்ததும் பேரன், "ஏன் தாத்தா அழுதீங்க?" என்றான். வயசாயிடுச்சு, கண்ணில் தண்ணி வருது என்றேன். அவன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பையன் உயிரோடு இருந்தால் நாற்பதைத் தாண்டியிருப்பான். எந்த முகாமுக்கு அனுப்பினோம் என்று அப்போது தெரிந்திருந்தது, இப்போது மறந்துவிட்டது. அன்று அவன் சொன்ன அவனுடைய தாயின் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவன் பெயரை எத்தனை முறை யோசித்தாலும் வரவில்லை.